பெரியபாளையம் சாலையும் யார் தப்பு என்று கேட்காத சட்டமும்

செங்குன்றம், சோழவரம், காரனோடை என்று ஜி.என்.டி. ரோட்டில் வந்து ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால் இரண்டு உலகங்கள் பிரிவதைப் பார்க்கலாம். நேரே போகிறவை கன்டெய்னர்களும் டிரெய்லர்களும். கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச்சாவடி, அதற்கப்பால் ஆந்திரா. இடதுபுறம் திரும்புகிறவை சாமி பார்க்கப் போகிறவை. மஞ்சங்காரணை, கன்னிகைப்பேர், பெரியபாளையம். அதே சாலை ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்கும் போகிறது என்பதால் இங்கும் லாரிக்குப் பஞ்சமில்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த முனையில் கால் மணி நேரம் நின்றால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு எல்லாம் பவானி அம்மனைப் பார்க்கக் கிளம்பிவிட்டது போலிருக்கும்.

பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஷேர் ஆட்டோவில், பைக்கில் மூன்று பேராக, வேனில் போகிறார்கள். ஆனால் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களுக்கு லோடு வண்டிதான் வசதி. குட்டியானை ஒன்று என் முன்னால் வந்து நின்றது. பின்பக்கம் நாலு மூலையிலும் சவுக்குக் கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். முன்பக்கக் கண்ணாடிக்கு மேல் வேப்பிலைக் கொத்து. உள்ளே ஜமுக்காளத்தில் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பாட்டி. அவர் காலடியில் பொங்கல் பானை, விறகுக்கட்டு, கால் கட்டிய சேவல். வண்டி குலுங்கும்போதெல்லாம் நாற்காலியின் காலை ஒரு பையன் பிடித்துக்கொண்டான்.

இந்தப் பயணத்துக்கு நான் கிளம்பியதே ஒரு கேள்வியோடுதான். விபத்து நடந்தால் யார் மேல் தப்பு என்று பார்க்காமலேயே கொடுக்க வேண்டிய இழப்பீடு ஒன்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம், கடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். 164-ஆம் பிரிவு. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகைகள் அமலில் இருக்கின்றன. தப்பை நிரூபிக்க வக்கீல் வைக்க முடியாதவர்களுக்காகவே எழுதப்பட்ட பிரிவு இது. அப்படிப்பட்டவர்கள் நாள்தோறும் போய்வருகிற இந்தச் சாலையில் அது எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்.

கன்னிகைப்பேரில் டீக்கு நிறுத்தியிருந்த ஒரு லோடு வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். வண்டி அவருடையதே, தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. வாரநாளில் தண்ணீர் கேன், வீட்டுச் சாமான்; ஆடி வந்தால் கோயில் சவாரி.

"இன்சூரன்ஸ் இருக்காண்ணே?"

"எல்லாம் கரன்ட்ல இருக்கு சார். எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், ஒண்ணும் பாக்கி கிடையாது." போனில் பாலிசியைத் திறந்து காட்டினார். சரக்கு வாகனம் என்று போட்டிருந்தது.

"பின்னாடி உக்காந்திருக்கிற ஜனத்துக்கு?"

"வண்டிக்கு இருந்தா ஜனத்துக்கும் இருக்கும்ல?"

இல்லை. சரக்கு வண்டியில் காப்பீடு பேசுவது வெளியே இருக்கிற மூன்றாம் நபரையும், உள்ளே டிரைவர் போன்ற ஊழியரையும், சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆளையும்தான். சரக்கின் சொந்தக்காரரைச் சேர்த்ததே 1994 திருத்தம். பயணிகளாக ஏற்றப்பட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகிறது. 2019 திருத்தம் சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்குக் காப்பீடு கிடையாது என்று சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டது. காசு வாங்கி ஏற்றினாலும் நிலைமை மாறாது. அப்போது பர்மிட் மீறல் வேறு சேர்ந்துகொள்ளும்.

வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? 164-ஆம் பிரிவு பணம் தர வேண்டியவராகச் சொல்வது உரிமையாளரை அல்லது காப்பீட்டு நிறுவனத்தை. நிறுவனம் கைவிரித்தால் மிச்சம் இருப்பது தவணை கட்டிக்கொண்டிருக்கிற இந்த மனிதர். அவரிடம் அந்த வண்டியைத் தவிர வேறென்ன இருக்கிறது? அடிபட்ட குடும்பமும் நடுத்தெருவில், ஓட்டியவர் குடும்பமும் நடுத்தெருவில். சில வழக்குகளில், முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் இரக்கம் காட்டியிருக்கின்றன. அந்த இரக்கத்தை நம்பிக் குழந்தைகளை ஏற்றக் கூடாது. எதிரே வந்த லாரியும் விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தால், அந்த லாரியின் இன்சூரன்ஸிடம் கேட்க வழியுண்டு. ஆனால் லோடு வண்டிகள் பெரும்பாலும் தாங்களாகவே வளைவில் கவிழ்கின்றன. அங்கே கேட்பதற்கு எதிர்வண்டியே இருக்காது.

"அப்போ வேன் எடுக்கச் சொல்றீங்க. வேன்காரன் டபுள் வாடகை கேக்குறானே சார், இந்த ஜனம் எங்க போவும்?" என்றார் அவர். நியாயமான கேள்வி. ஆடி ஞாயிறுகளில் வடசென்னையிலிருந்து விடப்படும் கூடுதல் பேருந்துகள் இன்னும் சில மடங்கு ஆனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். சட்டம் மட்டும் சொல்லி அவரை நிறுத்த முடியாது.

பெரியபாளையம் ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீரைவிட மணல்திட்டும் ஜனமும்தான் அதிகம். கரையெங்கும் கல் கூட்டிய அடுப்புகளில் பொங்கல் பொங்குகிறது. மொட்டை போட்ட தலைகளில் சந்தனம். வேப்பிலையை நெருக்கமாகக் கோத்து உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறார்கள். உயிர் பிழைத்ததற்கு, முக்கியமாகக் கணவன் உயிர் பிழைத்ததற்கு, அம்மனுக்குச் செலுத்துகிற நேர்த்திக்கடன் அது. அம்மை, காமாலை, பிரசவம் என்று அந்தக் காலத்தில் வேண்டிக்கொண்டார்கள். இப்போது வேப்பிலை கட்டியவர்களிடம் கேட்டால் ஆக்சிடென்ட் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது.

பிராகாரம் சுற்றி முடித்து ஈரத் துணியோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் அதைத்தான் சொன்னார். கணவர் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. தை மாதத்தில் ஒரு ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற டிரெய்லரின் பின்னால் மோதிவிட்டார். தொடை எலும்பு முறிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், உள்ளே கம்பி. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அன்று அவரும் வந்திருந்தார், கூட்டத்தில் நிற்க முடியாமல் தூணோரம் சாய்ந்திருந்தார்.

"கேஸ் போட்டீங்களாம்மா?"

"எங்கண்ணா போடறது? நின்ன வண்டி மேல இவர்தான் போய் மோதினாருன்னு எஃப்.ஐ.ஆர். இவர் மேலயே போட்டுட்டாங்க. தப்பு உங்க மேல, ஒண்ணும் வராதுன்னுட்டாங்க எல்லாரும்."

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், டிரெய்லர்காரர்கள், ஆஸ்பத்திரி வாசலில் கார்டு கொடுத்த ஒருவர். ஆனால் அந்தப் பெண் ஒரு காரியம் சரியாகச் செய்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதத்தையும் சேர்த்து வைத்திருந்தார்: டிஸ்சார்ஜ் சம்மரி, விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, எஃப்.ஐ.ஆர். நகல், மருந்துச் சீட்டுகள். அந்தக் கவர் அன்றைக்கு அவர் கையிலேயே இருந்தது. வீட்டில் வைத்தால் பிள்ளைகள் கிழித்துவிடும் என்றார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் விவரமாகச் சொல்கிறேன். 164-ஆம் பிரிவின்கீழ் கேட்பவர், விபத்து வண்டி உரிமையாளரின் தப்பால் நடந்தது என்றோ வேறு யாருடைய தப்பால் நடந்தது என்றோ சொல்ல வேண்டியதில்லை, நிரூபிக்கவும் வேண்டியதில்லை. இதற்கு முந்தைய 163-ஏ பிரிவைப் பற்றிய வழக்கில், அடிபட்டவர்தான் அஜாக்கிரதையாக இருந்தார் என்ற வாதத்தையே காப்பீட்டு நிறுவனம் எடுக்கக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாதத்தை அனுமதித்தால் தப்பு கேட்காத சட்டம் மறுபடி தப்பு கேட்கிற சட்டமாகிவிடும் என்பதே காரணம். நின்ற வண்டி என்றாலும் அது மோட்டார் வாகனத்தின் பயன்பாடுதான். 1987-ல் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து, சில மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் இறந்தார்கள். அப்போது டேங்கர் ஓடவில்லையே என்று நிறுவனம் வாதாடியது. அதுவும் வாகனப் பயன்பாட்டால் நேர்ந்த விபத்துதான் என்று 1991-ல் தீர்ப்பானது.

ஆக, தன் பைக்கின் இன்சூரன்ஸிடம் அந்தப் பெண்ணின் கணவர் இந்தத் தொகையைக் கேட்க முடியாது; பைக்குக்கு அவரே உரிமையாளர். டிரெய்லரின் இன்சூரன்ஸிடம் கேட்கலாம். எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கணக்கில் கடுங்காயம். பல் உடைந்தாலும் கடுங்காயம். எஃப்.ஐ.ஆர். யார் மேல் இருக்கிறது என்பது கிரிமினல் வழக்குக்கான சங்கதி. அது இந்தப் பணத்தின் வாசலை அடைப்பதில்லை.

ஆனால் காலம் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்ற கெடுவை 2019 திருத்தம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. முன்பு 1994 முதல் கெடுவே கிடையாது. வருடக்கணக்கில் கழித்தும் போடலாம். இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளாதீர்கள் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. தைக்கும் ஆடிக்கும் இடையில் 6 மாதம் ஓடியே போய்விட்டது. திங்கட்கிழமையே திருவள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்படி சொன்னேன். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். போனில் கேட்க 15100. அதை அவர் கவரின் மேலேயே பேனாவால் எழுதிக்கொண்டார்.

இந்தச் சட்டம் யாரோ நல்ல மனதோடு ஒரே நாளில் கொடுத்ததல்ல. 1980-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு. இருட்டிய பிறகு போன ஒரு பேருந்து தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். டிரைவர் கிரிமினல் வழக்கில் விடுதலை. அதனால் இழப்பீடும் இல்லை என்று பேருந்து நிறுவனம் வாதாடியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. சாலையில் சாகிற ஏழைகளுக்குத் தப்பு பார்க்காத இழப்பீட்டைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே வற்புறுத்தினார். 1982-ல் அது வந்தது: இறப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988 சட்டத்தில் 25,000-மும் 12,000-மும் ஆனது, 1994-ல் 50,000-மும் 25,000-மும். அதன் பிறகு கால் நூற்றாண்டு அந்தத் தொகை அப்படியே கிடந்தது. விலைவாசி ஏறியதெல்லாம் நினைத்துப் பார்த்தால், அந்த வருடங்களில் சாலையில் போன உயிர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று மனது கனக்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அடிபட்டு வந்தவர்களை ஆபரேஷன் மேஜையில் பார்த்துப் பார்த்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கின் பெயரில்தான் இன்றுவரை உத்தரவுகள் வருகின்றன. புதுக் காருக்கு மூன்று வருடம், புது பைக்குக்கு ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது 2018-ல் அதில் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் மணி நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை வகுக்கச் சொன்ன 2025 ஜனவரி உத்தரவும் அதில்தான். அதன்படி அந்த வருடம் மே மாதம் மத்திய அரசுத் திட்டம் வந்தது: 7 நாள்வரை, ஒன்றரை லட்சம்வரை. தமிழ்நாட்டில் அதற்கு முன்னரே, 2021 டிசம்பரில், இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 தொடங்கிவிட்டது. முதல் 48 மணி நேரம், எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் செலவை அரசே ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ஆகவே இந்தச் சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் பணத்தை நினைத்துத் தயங்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கிவிட்டவர் பெயர் சொல்ல வேண்டும், சாட்சிக்கு வர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 134-ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

பெரியபாளையத்திலிருந்து ஊத்துக்கோட்டை போகும் சாலையில் ஆந்திரப் பதிவெண் வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஊத்துக்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், வக்கீல் குமாஸ்தாவாக வெகுகாலம் இருந்து ஓய்வெடுத்த பெரியவர் ஒருவர் பேசக் கிடைத்தார். எம்.ஏ.சி.டி. எனப்படும் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு மனுக்கள் எழுதியே கை தேய்ந்தவர்.

"இங்க ஜனம் முதல்ல கேக்குறது என்ன தெரியுமா தம்பி? ஆந்திரா வண்டி ஐயா, நெல்லூர் போய்க் கேஸ் போடணுமான்னுதான்" என்றார். வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் குடியிருக்கும் ஊரிலோ, எதிர்மனுதாரர் இருக்கும் ஊரிலோ உள்ள எந்தத் தீர்ப்பாயத்திலும் போடலாம். திருவள்ளூரில் போடலாம், சென்னைக்காரர் உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் போடலாம். பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும். வண்டி எண் ஒன்று கிடைத்தால் போதும், எந்த நிறுவனத்து இன்சூரன்ஸ், எதுவரை செல்லும் என்பதைப் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். அதனால்தான் அந்த இடத்தில் முதல் வேலை, வண்டி எண் தெரியும்படி போட்டோ எடுப்பது. வண்டிகளை நகர்த்தும் முன்னே எடுத்துவிட வேண்டும்.

எண்ணே தெரியாமல் போனால்? எல்லையைத் தாண்டிவிட்டால் லாரியைப் பிடிப்பது கஷ்டம். அதற்கும் ஒரு வழி உண்டு, 161-ஆம் பிரிவு. இடித்துவிட்டு ஓடிய வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000. நீதிமன்றம் போக வேண்டாம். வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் விசாரித்து ஆட்சியருக்கு அனுப்புவார், பணம் காப்பீட்டுக் கவுன்சிலிலிருந்து வரும். வட்டாட்சியர் அலுவலகம் இதே ஊத்துக்கோட்டையில்தான் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் வண்டி கிடைக்கவில்லை என்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதுவும் ராஜசேகரன் போட்ட வழக்கில்தான்.

போலீஸ் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாளுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கை 90 நாளுக்குள் போக வேண்டும். 2022 விதிகள் இவை. மண்டபத்தில் பார்த்த அந்தப் பெண்ணின் கவரில் உரிமைப் படிவம் இல்லை. கேட்டு வாங்கலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பெரியவர் எனக்கு அழுத்திச் சொன்ன விஷயம் வேறு. "தப்பு கேக்காத பணம் நல்லதுதான் தம்பி. ஆனா அதுக்குக் கையெழுத்துப் போட்டா அதோட சரி. அதை யாரும் சொல்றதில்ல."

உண்மை அதுதான். 149-ஆம் பிரிவின்படி, தகவல் கிடைத்ததும் நிறுவனம் ஓர் அதிகாரியை நியமித்து 30 நாளுக்குள் தொகையைச் சொல்ல வேண்டும். அந்த வழியில் 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு அற்றுப்போகும். 1982 முதல் இருந்த பழைய ஏற்பாட்டில், தப்பு கேட்காத தொகை முதல் தவணை மாதிரி. அதை வாங்கிக்கொண்டே பெரிய வழக்கை நடத்தலாம். இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் பார்வையில் புதிய சட்டம் ஏழைக்குச் செய்த பெரிய கெடுதல் இது. தொகையை ஏற்றிக் கொடுத்துவிட்டு, இடைக்கால உதவியாக இருந்ததை இறுதிக் கணக்காக மாற்றிவிட்டார்கள்.

பெரியவர் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாதம் 20,000 வாங்கும் 28 வயதுப் பையன். மனைவி, ஒரு குழந்தை. வண்டி இடித்து இறக்கிறான், லாரியின் மேல்தான் தப்பு. வருட வருமானம் 2,40,000. 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. அவனுடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2,24,000. 2009 சரளா வர்மா தீர்ப்பின்படி 26 முதல் 30 வயதுக்குப் பெருக்கு எண் 17. ஆக 38,08,000. ஈமச்செலவு, துணையை இழந்ததற்கு என்று இதர தலைப்புகள் தனி. துக்கம் நடந்த வீட்டில் முதல் மாதத்திலேயே 5 லட்சம் என்று ஒருவர் படிவத்தோடு வந்து உட்கார்ந்தால், கடன்காரர்களுக்கு நடுவில் இருக்கும் அந்த மனைவி என்ன செய்வாள்?

அதனால் எந்த வழி யாருக்கு என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்வண்டியின் தப்பு தெளிவாக இருந்து, சாட்சியும் சம்பளச் சான்றும் இருந்தால் 166-ஆம் பிரிவில் முழு வழக்கு. தாமதம் ஆனாலும் வட்டியோடு வரும், லோக் அதாலத்தில் பேசி முடிக்கவும் முடியும். தப்பு நம் பக்கம் இருக்கிறது, அல்லது இருட்டில் நடந்தது, சாட்சியே இல்லை என்றால் 164. நின்ற டிரெய்லரில் மோதியவருக்குக்கூட, விளக்கில்லாமல் நிறுத்தியது டிரெய்லர்காரர் தப்பு என்று வாதாட இடம் இருக்கிறது. தப்பைப் பங்கிட்டு மீதியைத் தீர்ப்பாயம் கொடுக்கும். அதையும் இலவச வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். வெற்றுத்தாளில், நிரப்பாத படிவத்தில், ஸ்பாட்டிலேயே பேசி முடித்த சமாதானக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். ஸ்பாட்டில் கொடுக்கும் பத்தாயிரம் ஒரு ஸ்கேனுக்கே பத்தாது. உள்காயம் மறுநாள்தான் தெரியும்.

திரும்பும்போது பெரியபாளையத்திலிருந்து ஆரணி, புதுவாயல் வழியாக மறுபடி ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். சிப்காட் வாசல்களில் ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள், வேன்கள், இடையில் நூற்றுக்கணக்கில் பைக்குகள். தமிழும் தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் ஒரே டீக்கடையில் கேட்டன. ரோட்டோரம் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. பின்புறம் ஒட்ட வேண்டிய ஒளிரும் பட்டைகள் சிலவற்றில் சேறு பூசிக் கிடந்தன.

இவர்களுக்கு இன்னொரு உரிமையும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற வழியில் அடிபட்டால், அது வேலையின் தொடர்ச்சிதான் என்றால், வேலையில் அடிபட்டதாகவே கணக்கு. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்த்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. இங்கும் யார் தப்பு என்ற கேள்வி இல்லை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. ஆனால் கம்பெனிக்கு விபத்தை உடனே தெரிவித்து, அதைப் பதிவேட்டில் ஏற்றச் செய்ய வேண்டும். ஸ்டான்லியில் கிடந்தவரின் மனைவிக்கு இதைச் சொல்லியிருந்தால், ஆறு மாதமாகச் சம்பளத்தில் பெரும்பங்கு உதவித்தொகையாக வீட்டுக்கு வந்திருக்கும். அவர் கொடுத்த நம்பருக்குப் போன் செய்து இதையும் சொன்னேன். கணவர் சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து இ.எஸ்.ஐ. எண்ணைப் படித்தார்.

டீக்கடையில் பைக்கோடு நின்ற இரண்டு இளைஞர்களிடம் பாலிசியைக் காட்டச் சொன்னேன். வெறும் லயபிலிட்டி பாலிசி. அப்படியென்றால் பின்னால் உட்காருகிற நண்பனுக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸில் எதுவும் இல்லை. பேக்கேஜ் பாலிசி இருந்தால்தான் அவனுக்குப் பாதுகாப்பு. ஓட்டுகிற சொந்தக்காரருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று உண்டு. மாடு குறுக்கே வந்து, மணலில் சறுக்கி, எதிர்வண்டியே இல்லாமல் விழுந்து செத்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது அது மட்டும்தான். ஒரு லட்சமாக இருந்ததை, மதராஸ் உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பை ஒட்டி 2018-ல் 15 லட்சமாக்கினார்கள். அந்தப் பையனின் பாலிசியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பிரீமியம் குறையும் என்று விற்றவர் எடுத்துவிட்டாராம். புதுப்பிக்கும் தேதி புரட்டாசியில் வருகிறது, அப்போது சேர்த்துக்கொள்கிறேன் என்றான். அதுவரை காத்திருக்க வேண்டாம், 2019 முதல் அதைத் தனி பாலிசியாகவே எந்த நிறுவனத்திலும் வாங்கலாம் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அதற்குள் போனை எடுத்து எவ்வளவு என்று பார்க்க ஆரம்பித்திருந்தான்.